மெழுகும் வஜ்ஜிரமும்

கச்சேரி தொடங்கி அரை மணி நேரம் ஆகியிருக்கும். ஒரு கிருதியை முடித்த வீணைக்காரர் அடுத்ததைத் தொடங்காமல், சுருதியை நுணுக்கமாகச் சரிசெய்யும் லங்கரை நகர்த்திக்கொண்டிருக்கிறார். முதல் தந்தியான சாரணியை மீட்டிப் பார்க்கிறார், முகம் சுளிக்கிறார், மறுபடியும் நகர்த்துகிறார். "ஏசி ஒத்துக்கலை" என்று மைக்கில் சொல்ல, சபை சிரிக்கிறது. பின்வரிசையில் ஒரு மாமா பக்கத்து நாற்காலிக்காரரிடம் விளக்கம் கொடுக்கிறார்: "வெளியில மழை, உள்ள குளிர். தந்தி என்ன பண்ணும், பாவம்!"

மாமா சொன்னதில் பாதி சரி. தந்தி எஃகு. எஃகு தண்ணீர் குடிக்காது. நவம்பர் மாத மயிலாப்பூர்க் காற்றில் அது துருப்பிடிக்கலாம், ஆனால் ஈரத்தால் நீளவோ குறுகவோ செய்யாது. சுருதி ஏறி இறங்குவதற்கு ஈரம் காரணம் என்றால், அந்த ஈரத்தைக் குடித்தது தந்தி அல்ல. தந்தியின் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டிருக்கிற மரம்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வீணையின் தந்தியில் ஒலிக்கிற பகுதி ஏறத்தாழ 80 சென்டிமீட்டர். சுருதிக்கு ஏற்றி முறுக்கும்போது அந்த எஃகு நீள்கிறது, ஆனால் மிகச் சொற்பமாக, ஆயிரத்துக்கு மூன்று பங்கு அளவுக்கு. அதாவது 80 சென்டிமீட்டர் தந்தி இழுபட்டு நிற்பது 2 மில்லிமீட்டர் சொச்சத்துக்குத்தான். தந்தியின் முழு விறைப்பும் அந்த 2 மில்லிமீட்டருக்குள் அடங்கியிருக்கிறது. அதில் 0.05 மில்லிமீட்டர் கூடினாலோ குறைந்தாலோ இழுவிசை 2 சதவீதம் மாறும், அதிர்வெண் 1 சதவீதம் மாறும். ஒரு ஸ்வரஸ்தானத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 6 சதவீதம். ஆக, தலைமயிரின் தடிமன் அளவுகூட இல்லாத ஒரு அசைவு, ஸ்வரஸ்தானத்தில் ஆறில் ஒரு பங்கு சுருதியைத் தள்ளிவிடும். பழகிய காதுக்கு அது கூழாங்கல்லைக் கடித்த மாதிரி இருக்கும்.

நியாயமாகச் சொன்னால், அரை மணி நேரத்தில் நடந்த குழப்பத்துக்கு ஈரத்தைவிட வெப்பம்தான் பொறுப்பு. எஃகு ஒரு டிகிரி குளிர்ந்தால் பத்து லட்சத்தில் 12 பங்கு சுருங்கும். 5 டிகிரி குளிர்ந்தாலே மேலே சொன்ன 0.05 மில்லிமீட்டர் வந்துவிடுகிறது. மெல்லிய தந்தி சில நிமிடங்களில் குளிர்ந்துவிடும், கனத்த மரத்துக்கு ஈரம் ஏறவும் இறங்கவும் நாள்கள், வாரங்கள் ஆகும். மேடையில் லங்கரை நகர்த்த வைப்பது வெப்பம். புரட்டாசியில் கணீரென்று பேசிய கருவியைக் கார்த்திகையில் தொண்டை கட்டியது போல ஆக்குவது ஈரம். இந்த அத்தியாயம் அந்த இரண்டாவது ஆசாமியைப் பற்றியது.

மரம் என்பது ஒரு கட்டு நுண்குழாய்கள். வேரிலிருந்து உச்சிக் கிளைவரை தண்ணீரை ஏற்றுவதற்காக வளர்ந்தவை. வெட்டியவுடன் மரத்தில் இருக்கும் தண்ணீர் சில நேரம் அதன் உலர் எடையில் பாதிக்கு மேல் இருக்கும். குழாய்களின் உள்ளே சும்மா தங்கியிருக்கிற நீர் முதலில் ஆவியாகிப் போகும். அது போவதால் மரம் எடை குறையுமே தவிர, சுருங்காது. பிறகு மிஞ்சுவது குழாய்களின் சுவருக்குள்ளேயே பிணைந்திருக்கும் நீர், உலர் எடையில் 28 முதல் 30 சதவீதம். இது கிளம்பத் தொடங்கும்போதுதான் மரத்தின் உருவமே மாற ஆரம்பிக்கிறது.

சுவர்களின் சரக்கு மூன்று: செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின். முதலிரண்டின் மூலக்கூறுகளிலும் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த கொக்கிகள் நிறைய. நீர் மூலக்கூறைக் கண்டால் விடமாட்டா. மூன்றில் அதிகம் குடிப்பது ஹெமிசெல்லுலோஸ். அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கிரெமோனா நகரத்துக் கதையில் மறுபடி வரும்.

மரம் எவ்வளவு குடிக்கும் என்பதைச் சுற்றியிருக்கும் காற்று தீர்மானிக்கிறது. காற்றின் சார்பு ஈரப்பதம் 30 சதவீதம் என்றால், மரத்துக்குள் தங்கும் நீர் அதன் உலர் எடையில் சுமார் 6 சதவீதம். 50 சதவீதம் என்றால் 9. சென்னையின் வடகிழக்குப் பருவமழை நாள்களைப் போல 80 சதவீதம் என்றால் 15, 16. வார்னிஷ் அடித்தால் இது நடக்காது என்று பலர் நம்புகிறார்கள். வார்னிஷ் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். வயலினை எடுத்துக்கொண்டால் வெளிப்புறம்தான் பளபளப்பு, உட்புறம் பெரும்பாலும் பூச்சில்லாத வெறும் மரம். ஆங்கில எஃப் எழுத்து வடிவத்தில் இருக்கும் இரண்டு துளைகளின் வழியாக மழைக்காலம் தாராளமாக உள்ளே போய்வரும்.

இதில் ஒரு விநோதம் உண்டு. ஒரே 60 சதவீத ஈரப்பதத்தில் இரண்டு மரத்துண்டுகளை வைத்தால் இரண்டிலும் ஒரே அளவு நீர் இருக்க வேண்டும் என்றுதானே நினைப்போம்? இருக்காது. ஈரமான இடத்திலிருந்து வந்த துண்டு கொஞ்சம் கூடுதலாகவும், வறண்ட இடத்திலிருந்து வந்தது கொஞ்சம் குறைவாகவும் வைத்துக்கொண்டிருக்கும். எந்த ஊரிலிருந்து வந்தோம் என்பதை மரம் சுலபத்தில் மறப்பதில்லை. ஊர் ஊராகப் போகும் வித்வான்கள் "இன்னும் செட் ஆகலை" என்று வாத்தியத்தைப் பற்றிச் சொல்வதில் பௌதிகம் இருக்கிறது.

நீர் ஏறினால் மரம் உப்புகிறது. ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி அல்ல. முழு ஈரத்திலிருந்து முழுதாக உலரும்வரை கணக்கெடுத்தால், ரேகை ஓடும் நீளவாக்கில் சுருக்கம் வெறும் 0.1 முதல் 0.2 சதவீதம். மரத்தின் மையத்திலிருந்து பட்டையை நோக்கிய ஆரத் திசையில் 4 சதவீதம் போல. வளையங்களைத் தழுவிச் செல்லும் திசையில் அதற்கும் ஏறக்குறைய இரு மடங்கு. மர இனத்துக்கு இனம் எண்கள் மாறும், இந்த வரிசை மாறாது. மரவேலையின் பாதித் தலைவலி இந்த மூன்று எண்களிலிருந்து பிறக்கிறது.

தந்தியை முறுக்கும் பிரடையை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசல் பட்டறையில் அச்சு வட்டமாகக் கடைந்ததுதான். ஆறு மாதம் கழித்து மரத்தின் ஈரம் 6 சதவீதம் மாறியிருந்தால் அது வட்டமாக இருக்காது, முட்டை வட்டமாகியிருக்கும். 8 மில்லிமீட்டர் குறுக்களவில் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குதான். போதும். மழைக்காலத்தில் இறுகிக்கொண்டு திரும்ப மறுக்கும், வறட்சியில் வழுக்கிக்கொண்டு தானே அவிழும். நம் ஊரில் இதற்குக் கைகண்ட மருந்து பள்ளிக்கூடச் சாக்பீஸ்.

இனி ஒலிக்கு வருவோம். தந்தி தனியாக அதிர்ந்தால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. அதன் அதிர்வைக் குதிரை வாங்கி மேல்பலகைக்குக் கொடுக்கிறது. பலகைதான் காற்றைத் தள்ளுகிறது. பலகை நன்றாகப் பாட மூன்று தகுதிகள் வேண்டும்: எடை குறைவாக இருக்க வேண்டும், விறைப்பாக இருக்க வேண்டும், வாங்கிய ஆற்றலைத் தனக்குள்ளேயே சூடாக மாற்றி வீணாக்கக் கூடாது. ஈரம் இந்த மூன்றிலும் கை வைக்கிறது.

எடை ஏறுகிறது. வயலினின் மேல்பலகை மொத்தமே 65, 70 கிராம். வறண்ட அறையிலிருந்து மழைக்கால அறைக்கு வந்து ஈரம் 9 சதவீதத்திலிருந்து 15 சதவீதமானால் 4 கிராம் கூடும். சொற்பம்தானே என்று தோன்றும். வயலின் குதிரை மொத்தமே 2 கிராம். அதன் தலையில் சில கிராம் ரப்பர் துண்டைச் செருகினால் வாத்தியத்தின் குரலே அடங்கிவிடுகிறது, மேல்நாட்டு ஆர்கெஸ்ட்ராக்களில் வேண்டுமென்றே அப்படிச் செய்வார்கள். பலகை முழுக்கப் பரவிய 4 கிராமின் விளைவு அவ்வளவு கடுமையாக இருக்காது. ஆனாலும் இந்த உலகத்தில் கிராம் என்பது பெரிய அளவு.

விறைப்பு குறைகிறது. ஈரம் ஒரு சதவீதம் ஏறினால் நீளவாக்கில் விறைப்பு ஒன்று, ஒன்றரை சதவீதம் தளரும், குறுக்குவாக்கில் அதைவிட அதிகம். கனமும் கூடி விறைப்பும் தளர்ந்தால் பலகையின் சொந்த அதிர்வெண்கள் இறங்கும். மேலே சொன்ன 6 சதவீத மாற்றத்துக்குக் கணக்குப் போட்டால், தனியாகக் கழற்றி எடுத்த பலகை ஒன்றின் அதிர்வெண் ஏறத்தாழ ஒரு ஸ்வரஸ்தானம் கீழே போய்விடும். முழு வாத்தியத்தில் ஓரங்கள் ஒட்டப்பட்டு, குதிரை அழுத்தி, எல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதால் அவ்வளவு இறங்காது. இறங்கும் திசை மட்டும் அதுவே.

இதில் செல்லோ வாசிப்பவர்களுக்கு ஒரு தனி வேதனை. கருவியின் உடல் இயல்பாக அதிர விரும்பும் ஸ்வரமும் வில்லால் எழுப்பும் ஸ்வரமும் ஒன்றாகிவிடும் இடத்தில் ஒலி திக்கித் திணறி உறுமும். அதற்கு மேல்நாட்டில் ஓநாய் ஸ்வரம் என்றே பெயர். கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியாக வேலை பார்த்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் ஆராய்ச்சி செய்துவந்த சி.வி.ராமன் 1916இல் இந்த ஓநாயைப் பற்றி 'நேச்சர்' இதழில் எழுதினார். உடலின் அதிர்வெண் பருவத்தோடு இடம் மாறினால் ஓநாயும் கூடவே இடம் மாறும். கோடையில் ஒரு ஸ்வரத்தில் பதுங்கியிருந்தது குளிர்காலத்தில் பக்கத்து வீட்டுக்குக் குடிபோயிருக்கும்.

மூன்றாவது, உள் உராய்வு. என் கணிப்பில் காது முதலில் உணர்வது இதைத்தான். ஈரம் ஏறிய மரத்தின் சுவர்களில் மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவது கூடுகிறது, அதிர்வின் ஆற்றல் அதிலேயே வெப்பமாகக் கரைகிறது. மேல்ஸ்தாயியின் மினுமினுப்புதான் முதலில் போகும். ஒலி எழும் வேகமும் மந்தமாகும், நீடிப்பும் குறையும். வயலினுக்கு இது அவ்வளவு பெரிய இழப்பல்ல, வில் நொடிக்கு நொடி புது ஆற்றல் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. வீணைக்கு அப்படியில்லை. ஒரு மீட்டு, அதன் மிச்சத்தில்தான் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து மூன்று நான்கு ஸ்வரங்களைக் கமகமாக வாங்க வேண்டும். ஒரே மீட்டில் வாங்குகிற நீண்ட பிரயோகத்தின் கடைசி ஸ்வரம் காதில் விழுமா விழாதா என்பது அந்த ஒலி எத்தனை நொடி உயிரோடு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வீணைக்காரர் ஈரத்தைப் பற்றிப் புலம்பினால் வயலின்காரரைவிட அவருக்கு அதற்கு உரிமை அதிகம்.

"மழை நாளில் காற்று கனமாக இருப்பதால் ஒலி மந்தமாகிறது" என்று ஒரு விளக்கம் உலவுகிறது. இது தலைகீழ். நீராவி மூலக்கூறு, நைட்ரஜன் ஆக்சிஜன் மூலக்கூறுகளைவிட இலேசானது. ஈரக் காற்று உலர் காற்றைவிடக் கனம் குறைந்தது. அதைவிட வேடிக்கை, மேல்ஸ்தாயி ஒலிகளை அதிகம் விழுங்குவது வறண்ட காற்றுதான். மிதமான வெப்பநிலையில் ஈரப்பதம் 20 சதவீதமாக உள்ள காற்று, 80 சதவீதமாக உள்ள காற்றைவிட 8,000 ஹெர்ட்ஸ் ஒலியை இரண்டு மடங்குக்கும் மேல் விழுங்கும். அதாவது ஈரக் காற்று நுண்ணிய ஒலிகளைப் பத்திரமாகக் கடைசி வரிசைவரை கொண்டுபோய்ச் சேர்க்கத் தயாராக இருக்கிறது, ஈர மரம்தான் கொடுக்க மறுக்கிறது.

வயலின் வில்லில் இருப்பது குதிரை வால் மயிர். மயிர் ஈரத்தில் நீளும், வறட்சியில் குறுகும். ஜெனீவாவைச் சேர்ந்த ஓராஸ் பெனடிக்ட் த சொசூர் 1783இல் வெளியிட்ட நூலில், மனிதத் தலைமயிரை இழுத்துக் கட்டி அது நீள்வதைக் கொண்டே காற்றின் ஈரத்தை அளக்கும் கருவியை விவரித்தார். முற்றிலும் வறண்ட நிலையிலிருந்து முழு ஈரம்வரை மயிர் நீள்வது சுமார் 2.5 சதவீதம். வானிலை நிலையங்களில் இருபதாம் நூற்றாண்டிலும் மயிர்க் கருவிகள் வேலை செய்தன. ஆக ஒவ்வொரு வயலின்காரரும் தெரிந்தோ தெரியாமலோ கையில் ஒரு ஈரமானியை வைத்துக்கொண்டுதான் வாசிக்கிறார். நேற்று எத்தனை சுற்றுத் திருகினால் வில் விறைத்ததோ இன்று அதைவிட இரண்டு சுற்று கூடுதலாகத் தேவைப்பட்டால் காற்றில் ஈரம் ஏறியிருக்கிறது. திருகைத் தளர்த்தாமல் வில்லைப் பெட்டியில் வைத்துவிட்டு வறண்ட ஊருக்குப் போனால், மயிர் குறுகி வில்லின் மரத்தையே வளைத்துவிடும்.

இப்போது வஜ்ஜிரத்துக்கு வருகிறேன். நம் தச்சர்கள் வஜ்ஜிரம் என்று சொல்வது தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பசை. வயலின் செய்பவர்கள் இன்றும் பலகையை விலாப்பட்டையோடு ஒட்ட அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். இன்று கடையில் கிடைக்கும் செயற்கைப் பசைகள் ஈரத்தையும் வெப்பத்தையும் இதைவிட நன்றாகத் தாங்கும். இருந்தும் வேண்டாம் என்கிறார்கள். காரணம் பழமைப் பற்று அல்ல.

வயலினின் மேல்பலகை ஸ்ப்ரூஸ் மரம், அகலமான இடத்தில் 20 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். மரத்தின் ஈரம் 10 சதவீதத்திலிருந்து 6 சதவீதத்துக்கு இறங்கினால் பலகை அகலவாக்கில் ஒரு மில்லிமீட்டர் சுருங்கப் பார்க்கும். ஆனால் ஓரங்களைப் பிடித்திருக்கும் விலாப்பட்டையில் ரேகை நீளவாக்கில் ஓடுகிறது, அது சுருங்காது. பலகைக்கு இரண்டே வழி. நடுவில் பிளக்க வேண்டும், இல்லை ஓரத்து ஒட்டு விட வேண்டும். பசை மரத்தைவிட வலுவாக இருந்தால் மரம் பிளக்கும். வஜ்ஜிரம் கொஞ்சம் நொறுங்கும் தன்மையுள்ளது என்பதால் ஒட்டு விடும். விட்ட ஒட்டை மறுபடி ஒட்டுவது அரை நாள் வேலை. கொஞ்சம் வெந்நீரும் மெல்லிய கத்தியும் இருந்தால் முழு வாத்தியத்தையும் பிரித்து மீண்டும் பூட்டலாம். பலவீனமான ஓர் இடத்தை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள், மின்சாரப் பெட்டியில் ஃப்யூஸ் கம்பி வைப்பதைப் போல. முந்நூறு வருடத்து வயலின்கள் இன்றும் மேடையில் இருப்பதற்கு அவற்றின் வலிமையைவிட இந்த ஃப்யூஸ் முக்கியமான காரணம் என்று நான் நினைக்கிறேன்.

ஒரு கிட்டார் சிக்கலையும் இங்கேயே சொல்லிவிடலாம். உலோக மெட்டுகளை விரல்பலகையில் நிரந்தரமாக அடித்துப் பொருத்தியிருப்பார்கள். பலகை வறண்டு அகலம் குறையும், உலோகம் குறையாது. விளிம்பில் மெட்டுகளின் முனை துருத்திக்கொண்டு கையைக் கீறும். ஈரம் மிஞ்சினால் மேல்பலகை மேடிட்டுத் தந்திகள் உயரும். பெரிய கிட்டார் தொழிற்சாலைகள் பட்டறைக் காற்றை 45 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் நிறுத்திவைப்பதும், வாங்குபவரையும் அப்படியே வைத்திருக்கச் சொல்வதும் இதற்காக. சென்னையில் வாழும் கிட்டார்காரருக்கு இந்த அறிவுரையைப் படிக்கும்போது அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வரும்.

வயலின் மெட்ராஸுக்கு வந்த கதை தெரிந்ததுதான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் அதைக் கற்றுக் கர்னாடக இசைக்குள் கொண்டுவந்தார். ஆல்ப்ஸ் மலைச்சரிவில் வளர்ந்த ஸ்ப்ரூஸ் மரம், கடலோர ஊரில் வருடம் முழுக்க 70 சதவீதத்தை ஒட்டிய ஈரத்தில் வாழ வேண்டிவந்தது. நாம் அதை மேல்நாட்டு வழக்கத்தைவிடப் பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில், ஸ-ப-ஸ-ப என்று கட்டுகிறோம். இழுவிசை குறைகிறது, குதிரை பலகையை அழுத்தும் பாரமும் குறைகிறது. பாட்டுக்காரரின் சுருதிக்காகச் செய்த ஏற்பாடு இது, மரத்துக்காக அல்ல. ஆனால் ஈரத்தில் தளர்ந்த பலகைக்கு இது ஒரு சலுகைதான். மரத்துக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: பாரத்தைச் சுமந்துகொண்டே ஈரம் ஏறி இறங்கி ஏறி இறங்கிப் பழகினால், நிலையான ஈரத்தில் வளைவதைவிட அதிகமாக வளைந்துவிடும், திரும்பவும் நிமிராது. பழைய வயலின்களில் குதிரைக்குக் கீழே பலகை அமுங்கியிருப்பதற்கு வயதைக் குற்றம் சொல்கிறோம். வயது என்பதில் பெரும் பகுதி, கடந்துபோன மழைக்காலங்களின் எண்ணிக்கை.

தஞ்சாவூர் வீணை பலாமரத்தில் செய்யப்படுவது. பண்ருட்டிப் பக்கத்துப் பலா அதற்குப் பேர்போனது. கோயில் மணியோசை கேட்டு வளர்ந்த மரத்தில் செய்த வீணைக்கு நாதம் கூடுதல் என்று பட்டறைகளில் ஒரு நம்பிக்கை. மணியோசை எஞ்சியிருக்குமா என்று எனக்குச் சந்தேகம், ஆனால் கோயிலடி மரத்தை யாரும் அவசரப்பட்டு வெட்டமாட்டார்கள், அதனால் அது முதிர்ந்து வைரம் பாய்ந்திருக்கும் என்பதில் சந்தேகமில்லை. குடம், தண்டி, யாளி முகத்துக்குப் போகும் வளைவு எல்லாவற்றையும் ஒரே மரத்தில் குடைந்தால் அது ஏகாண்ட வீணை. பகுதி பகுதியாகச் செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. ஏகாண்டத்தின் நாதம் உயர்ந்தது என்று சொல்வார்கள், விலையும் உயர்ந்தது. ஈரத்தின் கண்ணோட்டத்தில் பார்த்தால் அதற்கு வேறொரு சௌகரியம் இருக்கிறது: குடமும் தண்டியும் சேருமிடத்தில் ரேகை மாறாமல் தொடர்வதால், ஒன்று உப்ப ஒன்று மறுக்க என்ற சண்டை அங்கே இல்லை. மேல்பலகை மட்டும் தனியாக வந்து மூடுகிறது.

வீணையின் உண்மையான ஃப்யூஸ் தண்டியின் மேலே இருக்கிறது. 24 உலோக மெட்டுகள், ஒரு ஸ்தாயிக்கு 12 வீதம். தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில், பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், இந்த அமைப்பு நிலைபெற்றது என்பது இசை வரலாற்றில் வழங்கிவரும் செய்தி. அந்த மெட்டுகளை மரத்தில் அடித்துப் பொருத்தவில்லை, மெழுகில் பதித்திருக்கிறார்கள். தேன்மெழுகோடு கரித்தூளும் குங்கிலியமும் சேர்த்துக் காய்ச்சிய கறுப்பு மெழுகு, தண்டியின் இரு ஓரங்களிலும் வரப்பு மாதிரி ஓடுகிறது. இரு வரப்புகளையும் பாலமாக இணைத்து மெட்டுகள் உட்கார்ந்திருக்கின்றன.

முதல்முறை பார்க்கும் இன்ஜினியர் தலையில் அடித்துக்கொள்வார். தேன்மெழுகு 62, 65 டிகிரியில் உருகிவிடும், அதற்கு வெகு முன்பே இளகும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வீணையை விட்டால் மெட்டுகள் சேற்றில் இறங்கிய மாட்டுவண்டிச் சக்கரம் மாதிரி அமிழ்ந்துவிடும். ஆனால் மரத்தின் பக்கம் நின்று யோசித்துப் பாருங்கள். தண்டி நீளவாக்கில் அதிகம் மாறாது, மாறுவது அதன் வளைவு. தந்திகளின் இழுப்பை வருடக்கணக்கில் தாங்கி, மழையும் கோடையும் மாறி மாறி வர, தண்டி மயிரிழை மயிரிழையாக முன்னால் குனியும். தந்திக்கும் மெட்டுக்கும் உள்ள இடைவெளி மாறும். சில மெட்டுகளில் தந்தி உரசி இரையும், சிலவற்றில் எட்டிப் பிடிக்க அதிகம் அழுத்த வேண்டிவரும், அழுத்தினால் சுருதி ஏறும். மெட்டு மரத்தில் அடிக்கப்பட்டிருந்தால் மரத்தைச் செதுக்கித்தான் சரி செய்ய வேண்டும். மெழுகில் இருந்தால், மரம் எந்த நிலைக்கு வந்து சேர்ந்திருக்கிறதோ அதற்கேற்ப மெட்டை மறுபடி உட்கார வைத்தால் போதும். மரத்தை எதிர்த்துச் சண்டை போடாமல் அதன் பின்னாலேயே போய்ச் சமாதானம் செய்துகொள்ளும் ஏற்பாடு. இந்த வேலைக்கு மேளம் கட்டுதல் என்று பெயர். மெழுகு வேண்டாமென்று வேறு பொருள்களில் மெட்டுகளைப் பதித்த வீணைகளும் இப்போது வருகின்றன, விமானத்தில் போகிறவர்களுக்கு அவை தோதுதான்.

விமானம் என்றதும் அமெரிக்கா வந்துவிடுகிறது. ஓஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்தில் 1978 முதல் தியாகராஜ ஆராதனை நடந்துவருகிறது. நம் ஊர் வாத்தியங்கள் பல அந்தப் பக்கம் போய்வருகின்றன, பல அங்கேயே குடியேறிவிட்டன. அங்கே ஜனவரி மாதத்து வீட்டை நினைத்துப் பாருங்கள். வெளியே மைனஸ் 10 டிகிரி. வானிலை அறிக்கை ஈரப்பதம் 80 சதவீதம் என்கிறது, சென்னை மாதிரியே இருக்கிறதே என்று தோன்றும். குளிர்காற்றால் நீராவியை அதிகம் சுமக்க முடியாது, அந்த 80 சதவீதம் என்பதே ஒரு துளிதான். அதே காற்றை உள்ளே இழுத்து 21 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 10 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். சமையலும் குளியலும் மனிதர் மூச்சும் அதைக் கொஞ்சம் உயர்த்தும், அவ்வளவுதான். தஞ்சாவூரில் 13, 14 சதவீத ஈரத்தோடு வாழ்ந்து பழகிய பலாமரம், அங்கே சில வாரங்களில் 5, 6 சதவீதத்துக்கு இறங்கும். வெப்பக் காற்று வரும் துவாரத்துக்குப் பக்கத்தில் வைத்தால் சொல்லவே வேண்டாம். ஒட்டு வீணையின் இணைப்பு விரியும், மேல்பலகையில் கீறல் ஓடும். மெட்டுகளின் மெழுகு காப்பாற்றலாம், குடத்தைக் காப்பாற்ற எந்த மெழுகும் இல்லை. அங்குள்ளவர்கள் பெட்டிக்குள் ஈரப் பஞ்சுக் குழாயும் அறைக்குள் நீராவி விடும் கருவியும் வைத்துக்கொள்வது இதற்காக. நம் ஊரில் இருப்பவர்கள் அதே பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தை வைக்கிறார்கள். இருவருமே 50 சதவீதத்தைத்தான் தேடுகிறார்கள், எதிரெதிர்க் கரையிலிருந்து.

பழைய மரத்துக்கு இந்தக் கஷ்டம் குறைவு. இத்தாலியின் கிரெமோனாவில் வாழ்ந்து 1737இல் இறந்த அந்தோனியோ ஸ்ட்ராடிவாரியின் கருவிகளில் இருந்த மேப்பிள் மரத்துணுக்குகளைத் தைவான் ஆய்வாளர் குழு ஒன்று பகுப்பாய்வு செய்து 2017இல் முடிவுகளை வெளியிட்டது. அலுமினியம், கால்சியம், தாமிரம் போன்ற தாதுக்கள் அவற்றில் இருந்தன, மரத்தை ஏதோ ஒரு கரைசலில் ஊறவைத்திருக்கலாம். ஹெமிசெல்லுலோஸ் கணிசமாகச் சிதைந்திருந்தது. மரத்தின் மூன்று சரக்குகளில் அதிகம் தண்ணீர் குடிப்பது அதுதான் என்று சொன்னேனே. குடிப்பவன் இடம் காலியானதும் மரம் புது மரத்தைவிடக் குறைவாக ஈரம் பிடிக்கிறது, மழைக்கும் வெயிலுக்கும் குறைவாக அசைகிறது.

அதனால்தான் ஸ்ட்ராடிவாரி இனிமை என்று முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். கிளாடியா ஃப்ரிட்ஸும் ஜோசப் கர்ட்டினும் சகாக்களும் 2012இலும் 2014இலும் வெளியிட்ட சோதனைகளில், கண்ணை மறைத்து வாசிக்கவிட்டபோது தேர்ந்த வயலின்காரர்களில் பெரும்பாலோர் புதுக் கருவிகளையே விரும்பினார்கள். எது பழையது என்றும் அவர்களால் நம்பகமாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. பழைய மரம் நிதானமானது என்பது வேறு, இனிமையானது என்பது வேறு. பாட்டி காலத்து வீணையை "நாதம் கனிஞ்சிருக்கு" என்று கையில் எடுப்பவர்கள் காதில் கேட்பதில் எவ்வளவு மரத்தின் ரசாயனம், எவ்வளவு பாட்டியின் ஞாபகம் என்று பிரிப்பது லேசான காரியமல்ல.

ராமனும் வீணையைத் தொட்டிருக்கிறார். 1921இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில், வீணைக்கும் தம்புராவுக்கும் குதிரையின் மேற்புறம் கூர்மையாக இல்லாமல் வளைவாக இருப்பதால், சாதாரணத் தந்தியில் எழக்கூடாத மேலொலிகள்கூட எழுகின்றன என்று காட்டினார். தந்தி அந்த வளைவை மெல்ல வருடியபடி அதிர்வதில்தான் அந்த ரீங்காரம் இருக்கிறது. வீணையில் வளைவு உலோகத் தகடு, ஈரம் தொடாது. ஆனால் குதிரை நிற்பது மரப்பலகையில். பலகை கொஞ்சம் மேடிட்டால் தந்தி தகட்டைத் தழுவும் கோணம் மாறும். தம்புராவில் தந்திக்கும் குதிரைக்கும் இடையில் செருகிய ஜீவா நூலை ஒரு நெல்மணி அகலம் நகர்த்துவதும், வீணையில் குதிரைத் தகட்டைச் சற்றே சரிப்பதும் அந்தக் கோணத்தை மறுபடி பிடிப்பதற்கே.

மேளம் கட்டுபவரைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் நேரம் போவது தெரியாது. பழைய மெழுகைச் சுரண்டி எடுத்து, தேவைப்பட்டால் புதிது சேர்த்து, இளக்கி, தண்டியின் ஓரங்களில் வரப்புக் கட்டுகிறார். ஒரு மெட்டை வைத்து அழுத்துகிறார், தந்தியை மீட்டுகிறார், திறந்த தந்தியோடு ஒப்பிடுகிறார். சூடான கம்பியால் மெழுகைத் தொட்டு மெட்டைக் கடுகளவு தள்ளுகிறார். மறுபடி மீட்டல். டியூனர் செயலி அவருடைய பேரனின் கைபேசியில் இருக்கிறது, அவர் கேட்பதில்லை. 24 மெட்டு முடிய ஒரு பகல் ஆகிறது. மெழுகு இறுகும்வரை வீணையை மடியிலிருந்து இறக்காமல், மீட்டாமல் உட்கார்ந்திருக்கிறார். வெளியே ஐப்பசி மழை விட்டிருக்கிறது. "இப்ப கொண்டு போங்க. தை பிறந்ததும் ஒரு தடவை காட்டுங்க, மரம் கொஞ்சம் இறங்கியிருக்கும்" என்று சொல்லி உறையை எடுத்துக் கொடுக்கிறார்.